சங்குபோல் ஒரு கோபுரம்: கிழக்குக் கரைக்கு ராடார் கோபுரம் வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் வளர்ந்த எவருக்கும் முகத்துவாரத்து வெளிச்சவீடு தெரியும். 1913 இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். சின்னப் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கடற்கரை வரையச் சொன்னால் தென்னை வரும், வள்ளம் வரும், அப்புறம் அந்தக் கோபுரமும் வரும். அதே பிள்ளை அதற்குப் பிறகு நம் கரையில் முளைத்த எந்த இரும்புக் கோபுரத்தையும் வரைவதில்லை. உயரத்தில் அவை குறைந்தவையும் இல்லை, ஆனால் மனதில் நிற்பதில்லை. கடலில் போகும் வள்ளங்களையும் கப்பல்களையும் கரையிலிருந்து கண்டுபிடிக்கும் கடலோர ராடார் கோபுரம் என்று ஒன்று வரும்போது அதுவும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை. கட்டடக்கலை படிக்கிறவர்கள், வரைபடம் போடுகிறவர்கள், பொறியியல் மாணவர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எப்படிப் போவது என்று எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கடலிலிருந்து எடுக்கிற வடிவம் கோபுரத்துக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். உச்சியில் ஒரு மீனை ஒட்டுவது, சுவரில் அலை கீறுவது எல்லாம் நாலு மழைக்குத் தாங்காது. கொழும்புத் தாமரைக் கோபுரத்தை யாரும் தாமரை இல்லை என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அந்த மொட்டுக்குள் மாடிகள் இருக்கின்றன, மொட்டே கட்டடமாக நிற்கிறது. லிஸ்பனில், தேஜோ ஆறு கடலில் விழும் இடத்தில், கொன்சாலோ பைர்ன் வடிவமைத்த கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரம் முழுதாகவே சாய்ந்து நிற்கிறது. அதற்கு ஒட்டு அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை, சாய்வே போதும். நமக்கு நம் கரையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

படி 1: உயரத்தைக் கணக்கிலிருந்து எடுங்கள்

பென்சிலை எடுக்கும் முன் கல்குலேற்றரை எடுங்கள். ராடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமி வளைந்திருக்கிறது, ஆகவே உயரம்தான் தூரம். கணக்கு எளியது: அன்ரெனாவின் உயரத்துக்கும் பார்க்கப்படும் பொருளின் உயரத்துக்கும் மீற்றரில் வர்க்கமூலம் எடுத்து, இரண்டையும் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் தூரம் வரும். காற்றில் அலை சற்று வளைவதும் அந்த 4.12 க்குள் சேர்ந்திருக்கிறது.

நம் பைபர் வள்ளம் தண்ணீருக்கு மேல் ஒரு மீற்றர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மீற்றர் கோபுரத்துக்கு 24.7 கிலோமீற்றர், 36 மீற்றருக்கு 28.8, 49 மீற்றருக்கு 33, 64 மீற்றருக்கு 37. கவனித்தீர்களா? உயரத்தை 11, 13, 15 என்று ஏற்றிக்கொண்டே போகிறோம், கிடைப்பது ஒவ்வொரு தடவையும் நாலு கிலோமீற்றர்தான். அதோடு கடல் கொந்தளிக்கும்போது சின்ன வள்ளத்தை மறைப்பது பெரும்பாலும் அலையிலிருந்து திரும்பி வரும் இரைச்சல்தான், கோபுரம் உயர உயர அந்த இரைச்சல் பிடிக்கும் பரப்பும் கூடும். அதனால் "எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க 36 மீற்றர் கோபுரம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தரையின் சூடான, உலர்ந்த காற்று குளிர்ந்த கடலுக்கு மேலே போய்ப் படியும்போது ராடார் அலை கடலோடு ஒட்டி வளைந்து வழக்கத்தைவிட மிகத் தூரம் போகலாம். அது கிடைத்தால் நல்லது, அதை நம்பி உயரத்தைக் குறைக்காதீர்கள்.

படி 2: இடம்

நம் கரை பெரும்பாலும் ஒரு ஒடுங்கிய மணல் நாக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 56 கிலோமீற்றர் நீளமான வாவி. நாவலடியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 இல் அந்த நாக்கைத் தாண்டித்தான் கடல் போனது. வாவி கடலில் சேரும் வாய் ஆண்டுக்கு ஆண்டு நகரும், வெள்ளக் காலத்தில் மணலை வெட்டித் திறந்துவிடுவதும் உண்டு. ஆகவே வாய்க்குப் பக்கத்தில் கோபுரம் வேண்டாம். ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பிறகு பக்கத்துக் கரையை எவ்வளவு கடல் தின்றது என்று அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள். துறைமுகம், அணைக்கல் எதற்கும் அருகில் போவதாக இருந்தால், பழைய வான்படங்களை வைத்துக் கரை எப்படி நகர்ந்திருக்கிறது என்று முதலில் கீறிப் பார்க்க வேண்டும்.

அம்பாறைப் பக்கம் கீழே போகப் போகப் பாறை கிடைக்கும். இலங்கையின் கிழக்கு முனையான சங்கமன்கண்டி ராடாருக்கு மிக அருமையான இடம், ஏனென்றால் முனையில் நின்றால் வடக்கும் தெற்கும் ஒரே வீச்சில் விழும். கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை போன்ற நேரான கரையில் அந்த வசதி இல்லை. தென்னையும் பனையும் இருபது மீற்றர் தாண்டி வளரும் என்பதையும் மறக்காதீர்கள். இன்று குட்டியாக நிற்கும் தோப்பு பல வருடம் போனபின் உங்கள் ராடாரின் கண்ணை மறைக்கலாம். மரத்தை வெட்டச் சொல்லும் நிலைமைக்கு வராமல் இடத்தை எடுங்கள்.

படி 3: கரையில் போய்க் கேளுங்கள்

இதைப் பலர் கடைசியில் செய்கிறார்கள், அப்போது மாற்ற ஒன்றும் இருக்காது. நான் முதன்முதலில் ஒரு பயிற்சிக்காக வரைந்த கோபுரத்தில் உடல் முழுக்க மீன் செதில் வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் ஒரு முழம். அதைக் கரைவலைக்காரரான என் மாமாவிடம் காட்டினேன். தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார், இன்னும் தூரப் பிடித்தார். "கடலுக்குள்ள போய் நிண்டு பார்த்தா இந்தப் பூவேலை ஒண்டும் தெரியாது மகன். ஆள் மாதிரி நிக்குதா, மரம் மாதிரி நிக்குதா, அதுதான் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே கண் மருத்துவக் கணக்கு. நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைத்தான் பிரித்துப் பார்க்கும். 10 கிலோமீற்றரில் அது ஏறக்குறைய 3 மீற்றர். அரை கிலோமீற்றரில் 15 சென்ரிமீற்றர். ஒரு முழச் செதில் கடற்கரையில் நடக்கிறவருக்குத் தெரியும், கடலில் தொழில் செய்கிறவருக்கு அது இல்லவே இல்லை.

நம் மீனவர்கள் குறி பார்த்துத்தான் இடம் பிடிக்கிறார்கள். வெளிச்சவீடு ஒரு மரத்துக்கு நேரே வர வேண்டும், கோயில் கோபுரம் தூரத்துக் குடும்பிமலைக்கு இந்தப் பக்கம் வர வேண்டும், இப்படி. ஜிபிஎஸ் வந்த பிறகும் பற்றரி போனால் இதுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "உங்களுக்கு எந்த வடிவம் பிடிக்கும்?" என்பதைவிட, "எந்தத் திசையில் நின்று எதைப் பார்த்து வருகிறீர்கள்?" என்பதுதான். பதில்களைக் கரை வரைபடத்தில் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இதைத் தயங்காமல் கேட்க வேண்டும். நம் பகுதியில் கோபுரம் என்றால் நெடுங்காலம் காவலரண்தான். மேலே நிற்கிறவன் கீழே போகிறவளைப் பார்க்கிற இடம். யுத்தம் 2009 இல் முடிந்தாலும் அந்த உணர்வு அவ்வளவு சுலபத்தில் போகாது. கோபுரம் கடலைப் பார்க்கிறதா, எங்கள் வளவைப் பார்க்கிறதா என்று ஒரு அம்மா கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் வடிவத்திலும் தெரிய வேண்டும். நான் என்ன செய்வேன் என்றால், ஊர்ப்பக்கச் சுவரில் யன்னலும் நடைமேடையும் வைக்க மாட்டேன். திறப்பு எல்லாம் கிழக்கே.

படி 4: அரிசி மணிச் சோதனை

36 மீற்றர் கோபுரம் நாலு கிலோமீற்றர் கடலில் இருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை முழுதாக நீட்டி, விரல் நுனியில் ஒரு அரிசி மணியை நிமிர்த்திப் பிடியுங்கள். அவ்வளவுதான். பத்துக் கிலோமீற்றரில் அரை மணிகூட இல்லை. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கும் இடத்துக்குச் சுழியோடப் போகிறவர்கள் பத்துக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கிட்ட நின்று பார்க்கிறார்கள், அவர்களுக்கும் அந்த அரை மணிதான்.

சோதனை செய்வது சுலபம். ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில், அதாவது 36 மில்லிமீற்றர் உயரத்தில், களிமண்ணிலோ சவர்க்காரத்திலோ ஒரு மாதிரி செய்யுங்கள். மதிலில் வைத்துவிட்டு 4 மீற்றர் தள்ளி நின்றால் நாலு கிலோமீற்றர், 10 மீற்றர் தள்ளி நின்றால் பத்து. ஐந்து ஆறு மாதிரிகளை வரிசையாக வைத்து, வரைபடமே பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு எது எது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் பிரித்துச் சொல்ல முடியாத வடிவங்களைத் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு ஆசையாக வரைந்திருந்தாலும்.

இதைக் காலையும் மாலையும் செய்ய வேண்டும், காரணம் இருக்கிறது. நம் கரை கிழக்கைப் பார்த்தது. விடியற்காலையில் கரை திரும்புகிறவருக்கு வெயில் முதுகுக்குப் பின்னால், கோபுரம் முழுவதும் வெளிச்சம், நிறம் பேசும். பின்னேரம் தொழிலுக்குப் போகிறவர் திரும்பிப் பார்த்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால், அது வெறும் கறுப்பு உருவம், அப்போது நிறத்தால் ஒரு பயனும் இல்லை. ஒரே கோபுரம் இரண்டு வேளைக்கும் அடையாளம் காட்ட வேண்டும்.

நிறத்துக்கு ஒரு சின்ன விதி: தோப்பின் பச்சைக்கு எதிரே வெள்ளை எடுக்கும், வானத்துக்கு எதிரே சிவப்போ கறுப்போ எடுக்கும். ஆகவே மர உச்சிக்குக் கீழே வெள்ளை, அதற்கு மேலே அகலமான அடர் பட்டைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 3 மீற்றர், முடிந்தால் 4.

படி 5: சங்கு

வடிவத்துக்கு நான் பல வழிகள் பார்த்தேன். கரைவலை ஒன்று. இரண்டு பக்கமும் நீளும் கயிறு, நடுவில் மடி, காயப்போட்டால் விழும் அந்த வளைவு. வலைபோல உருக்குக் கம்பிகளால் பின்னிய கோபுரம் புதிது இல்லை. ரஷ்யப் பொறியியலாளர் ஷுகோவ் 1911 இல் தினிப்பர் ஆற்று முகத்துவாரத்தில் 64 மீற்றர் வெளிச்சவீட்டையே அப்படிக் கட்டினார். நேரான கம்பிகளைச் சாய்த்துப் பின்னினால் இடுப்பு ஒடுங்கிய வளைவு தானாக வரும், அந்த அழகு தனி. ஆனால் ஒவ்வொரு மூட்டும் நம் உப்புக் காற்றில் ஒரு கறள் குழி. ஆயிரம் மூட்டைப் பராமரிக்க ஆளும் காசும் உறுதியாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். நான் கொங்கிரீட் குழாய்தான் எடுப்பேன்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 5.5 மீற்றர் நீள அன்ரெனா, மூன்று சென்ரிமீற்றர் அலை நீளமுள்ள எக்ஸ் பாண்ட் ராடாரில், ஏறக்குறைய 0.4 பாகை அகலமான கற்றையை அனுப்பும். கோபுரம் காற்றில் ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு முறுகினால், 25 கிலோமீற்றரில் வள்ளம் 44 மீற்றர் தள்ளித் தெரியும். இங்கே கவனிக்க வேண்டியது, சாய்வதைவிட முறுகுவதுதான் கெடுதல், ஏனென்றால் கற்றை மேலும் கீழும் இருபது பாகை வரை விரிந்திருக்கும், பக்கவாட்டில்தான் கூர்மை. மூடிய குழாய் முறுகலை நன்றாகத் தாங்கும்.

சரி, குழாய் என்றால் ஒரு சிக்கல் வரும். வட்டமான தூணைக் காற்று கடந்து போகும்போது இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல் உதிர்க்கும். அந்த உதிர்வின் தாளம் தூணின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப் போனால் தூண் காற்றுக்குக் குறுக்கே ஆடத் தொடங்கும். எந்தக் காற்றில் என்று கண்டுபிடிக்க, தூண் ஒரு வினாடிக்கு எத்தனை தடவை ஆடும் என்பதை விட்டத்தால் பெருக்கி 0.2 ஆல் வகுங்கள். நம் 36 மீற்றர் கொங்கிரீட் குழாய், 2.5 மீற்றர் விட்டம், சுவர் கால் மீற்றர் என்றால் வினாடிக்கு 1.1 தடவை வரும். 1.1 × 2.5 ÷ 0.2, காற்றின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர், அதாவது மணிக்கு 50 கிலோமீற்றர். புயல் தேவையில்லை, மாரி காலத்தில் நன்றாக அடிக்கும் வாடைக்காற்றே போதும்.

இதைத் தீர்க்கும் வழி புகைபோக்கிகளில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது: தூணைச் சுற்றிக் கொடிபோல ஏறும் மூன்று துடுப்புகள், அதாவது வெளியே நீட்டி நிற்கும் ஒடுங்கிய விளிம்புகள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு நீட்டம், ஐந்து விட்டத்துக்கு ஒரு முழுச் சுற்று, மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் போதும். நம் கோபுரத்துக்கு 25 சென்ரிமீற்றர் நீட்டம், 12.5 மீற்றருக்கு ஒரு சுற்று. மேல் மூன்றில் ஒரு பங்கே 12 மீற்றர்தான்! அதாவது உச்சியை நெருங்கும்போது ஏறக்குறைய ஒரே ஒரு முழுச் சுழல். ஒரு சங்கைக் கையில் எடுத்து நுனியைப் பாருங்கள், வரி அங்கேதான் சுற்றிச் சுற்றி இறுகும், கீழே உடம்பு வழுவழுப்பாக அகலும். கடற்கரையில் பொறுக்கிய சங்கை மேசையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான், வடிவம் எனக்குத் தேட வேண்டிய ஒன்று இல்லை, ஏற்கனவே இருக்கிறது என்று புரிந்தது. சுழல் காற்றின் தாளத்தை உடைக்கிறது, அதனால் அது அங்கே இருக்கிறது. துடுப்பு வைத்தால் நேரடிக் காற்றுத் தள்ளல் கூடும் என்பதையும் அத்திவாரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது. வலம்புரியா இடம்புரியா என்று ஊரில் நிச்சயம் கேட்பார்கள். காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான், ஊர் விரும்புகிற பக்கம் சுற்றுங்கள்.

அடுத்தது சங்கின் வயிறு. ராடார் இயந்திரத்தை அன்ரெனாவுக்குக் கிட்ட வைத்தால் இரண்டையும் இணைக்கும் அலைக்குழாயில் சக்தி அவ்வளவு வீணாகாது, ஆகவே 24 மீற்றர் உயரத்தில் ஒரு அறை எப்படியும் வேண்டும். அந்த அறையை நாலு பக்கமும் சமமாக வைக்காமல், வடகிழக்குப் பக்கம் மட்டும் 3 அல்லது 4 மீற்றர் புடைக்க விடுங்கள். இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். தென்கிழக்கே நிற்கும் வள்ளத்துக்கு வயிறு முழுதாக வலப்பக்கம் தெரியும். நேர் கிழக்கே வந்தால் வலப்பக்கம் கொஞ்சம். வடகிழக்கே போனால் வயிறு முன்னால் வந்துவிடும், கோபுரம் நேர்த்தூண்போலத் தெரியும். இன்னும் வடக்கே போனால் இடப்பக்கம் எட்டிப் பார்க்கும். பின்னேரத்துக் கறுப்பு உருவத்திலும் இது வேலை செய்யும். மாமா கேட்ட உருவம் இதுதான், கூடவே எந்தத் திசையில் நிற்கிறோம் என்பதையும் சொல்லிவிடும். புடைப்பு ஒரு பக்கமாக இருந்தால் காற்று கோபுரத்தை முறுக்காதா என்று கேட்பீர்கள். முறுக்கும், கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் மாரிக் காற்று வருவதே வடகிழக்கிலிருந்து, அது வயிற்றில் நேராக மோதும்போது இரு பக்கமும் சமம்.

படி 6: தலையில் கை வைக்காதீர்கள்

சிற்பம் எல்லாம் அன்ரெனாவுக்குக் கீழே முடிந்துவிட வேண்டும். உச்சியில் ஒரு மீன் வால், ஒரு திரிசூலம், ஒரு கொடி என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. அரை மீற்றர் அகலமான உலோகச் செட்டை ஒன்றை அன்ரெனா மையத்திலிருந்து 4 மீற்றரில் வைத்தால் அது 7 பாகை பிடிக்கும். 20 கிலோமீற்றர் தூரத்தில் அது இரண்டரைக் கிலோமீற்றர் அகலமான கடல். அந்தக் கீற்று முழுதாக மறையாவிட்டாலும் மங்கும், அதோடு இல்லாத இடத்தில் இல்லாத வள்ளத்தையும் காட்டும். அந்த நேரம் அங்கே எஞ்சின் நின்றுபோன ஒரு வள்ளம் இருந்தால்?

கற்றை கீழேயும் விரியும் என்பதால் நடைமேடையின் விளிம்பையும் பாருங்கள். பத்துப் பாகை கீழ்நோக்கி ஒரு கோடு கீறுங்கள். மையத்திலிருந்து 3 மீற்றர் தள்ளி நிற்கும் விளிம்பு அன்ரெனாவுக்குக் குறைந்தது அரை மீற்றர் கீழே இருக்க வேண்டும். இடிதாங்கியை ஊர்ப்பக்கம், ராடார் பார்க்கத் தேவையில்லாத திசையில், மெல்லிய கம்பியாக நிறுத்துங்கள்.

அன்ரெனாவுக்கு மேல் வெள்ளைக் கோளம் கவிழ்ப்பதா, திறந்து விடுவதா? கோளம் உப்பிலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பாற்றும், முத்துப்போல அழகாகவும் இருக்கும். ஆனால் மழையில் அதன் மேல் படரும் தண்ணீர்ப் படலம் அலையைத் தின்னும், அதனால் தண்ணீர் ஒட்டாத பூச்சு வேண்டும், அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பலகைகளின் இணைப்பை அழகுக்காக ஒழுங்கான கட்டமாக வரையாதீர்கள். ஒழுங்கான இணைப்பு அலையைக் குறிப்பிட்ட திசைகளில் சிதறடிக்கும், அதனால்தான் நல்ல கோளங்களில் பலகைகள் ஒழுங்கில்லாமல் வெட்டியிருக்கும். என் விருப்பம் திறந்த அன்ரெனா. சுழலும் அந்த நீளக் கை கடற்கரையில் இருந்து பார்க்கும்போது கோபுரத்துக்கு உயிர் கொடுக்கும்.

படி 7: அடி

கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சுனாமிக்குப் பிறகு சாய்ந்தபடி நிற்பதை ஒருமுறையாவது கிட்டப் போய்ப் பாருங்கள். மணலில் நிற்கும் பாரமான கட்டடத்துக்குக் கடல் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரில் அதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஓடும் தண்ணீர் அடியில் இருக்கும் மணலைத்தான் முதலில் பறிக்கும். ஆகவே அத்திவாரம் மணலை நம்பக் கூடாது, ஆழக் குற்றிகள் இறக்கி, மேல் மணல் சில மீற்றர் போனாலும் நிற்கும்படி கணக்கிட வேண்டும்.

தரைத் தளத்தைச் சுவர் வைத்து அடைக்காதீர்கள். மூன்று அகலமான கால்களாகப் பிரித்துத் தண்ணீர் ஊடே போக விடுங்கள், மேலே மூன்று துடுப்பும் அந்த மூன்று காலுக்கு நேரே தொடங்கினால் வடிவமும் ஒன்றாகும். மின்சாரப் பலகை, பற்றரி, ஜெனரேற்றர் எதுவும் முதல் 8 மீற்றருக்குள் வேண்டாம். 8 மீற்றரில் ஒரு திறந்த தட்டு, வெளியிலிருந்து ஏறக்கூடிய அகலப் படிக்கட்டு, ஆபத்து வந்தால் பக்கத்து வீட்டுச் சனம் ஏறி நிற்கலாம். அதற்கு மேல் பூட்டிய கதவு. கால்களுக்கு நடுவில் நிழல், உட்கார ஒரு திண்ணை, ஒரு தண்ணீர்க் குழாய். வலை தைக்கிறவர்கள் அங்கே வந்து உட்கார்ந்தால் கோபுரம் ஊரின் பொருள் ஆகிவிடும்.

படி 8: உப்பு

கழுவாத கடல் மணலில் கொங்கிரீட் போடவே கூடாது, உள்ளே இருக்கும் கம்பி உள்ளிருந்தே கறள் பிடிக்கும். கம்பிக்கு மேல் 50 முதல் 75 மில்லிமீற்றர் கொங்கிரீட் மூடல், தண்ணீர் குறைந்த கலவை, நீண்ட நாள் ஈரம் காத்தல். வெளியே தெரியும் உருக்கு எல்லாம் 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கு. 304 ஐக் கடற்கரையில் போட்டால் மண்ணிறப் பொட்டு வரும். அலுமினியத்தையும் துருப்பிடிக்காத ஆணியையும் நேராகத் தொட விடாதீர்கள், நடுவில் பிளாஸ்ரிக் வளையம் வேண்டும்.

சங்கின் வயிற்றுக்கு என் தேர்வு கண்ணாடி இழை. வாழைச்சேனையிலும் கல்முனையிலும் பைபர் வள்ளம் செய்கிறவர்களின் கை இதில் பழகிய கை. அச்சுச் செய்வது, இழை விரிப்பது, ரெசின் தடவி உருளையால் காற்றுக் குமிழியை நெருக்கி எடுப்பது எல்லாம் அவர்களுக்குத் தினசரி வேலை. வள்ளத்தின் வயிறும் இந்த வயிறும் ஒரே மாதிரியான இரட்டை வளைவுதான். அதோடு கண்ணாடி இழைக்குள் ரேடியோ அலை புகுந்து போகும், ஆகவே வள்ளங்களோடு பேசும் விஎச்எஃப் வானொலியின் அன்ரெனாக்களை உள்ளேயே மறைக்கலாம். கரி இழை வேண்டாம், அது மின்சாரம் கடத்தும், அலையை நிறுத்தும். உலோகத் தூள் கலந்த மினுக்குப் பெயின்றுக்கும் அதே காரணம்.

படி 9: இரவு, அனுமதி, பராமரிப்பு

இரவில் கோபுரத்துக்கு அடியிலிருந்து வெள்ளை வெளிச்சம் பாய்ச்சாதீர்கள். நம் கரையில் ஆமை முட்டையிட ஏறுகிறது, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் தரைப்பக்கம் போய்ச் சாகும். மங்கலான செம்மஞ்சள், அதுவும் ஊர்ப்பக்கம் மட்டும், திண்ணைக்கு மட்டும். மினுங்கும் நிற விளக்குகளும் வேண்டாம், வெளிச்சவீட்டின் விளக்கோடு குழம்பும். விமானங்களுக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு சட்டப்படி எப்படிச் சொல்கிறார்களோ அப்படி.

இந்த மாதிரிக் கோபுரத்தைத் தனியார் கட்ட முடியாது, அரசின் வேலைதான். ஆனாலும் வடிவமைக்கிறவருக்கு எந்தக் கதவுகள் என்று தெரிந்திருக்க வேண்டும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர் எல்லையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம், அங்கே கட்ட அனுமதி வேண்டும். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, உயரத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்தோடு ஒட்டியிருப்பதால் இதைக் கடைசிக்கு விடாதீர்கள்.

பராமரிப்புக்கு, துடுப்பின் அடியில் ஒவ்வொரு 3 மீற்றருக்கும் கயிறு மாட்டும் கொக்கியை வரைபடத்திலேயே போடுங்கள். பெயின்ற் அடிக்க ஆள் தொங்க வேண்டும், அன்ரெனாவின் மோட்டரை இறக்க உச்சியில் மடிக்கக்கூடிய ஒரு தூக்கு வேண்டும். இவற்றை வரையாமல் விட்டால் பிறகு யாரோ ஒருவர் துளை போட்டு மாட்டுவார், அந்தத் துளையில் உப்பு இறங்கும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு வள்ளத்தில் ஏறுங்கள், படி 3 இல் குறி சொன்ன ஆட்களையே கூட்டிப் போங்கள், ஒரு பையில் கொஞ்சம் அரிசியும். தென்கிழக்கே நாலு கிலோமீற்றர் போய், எஞ்சினை நிறுத்தி, கையை நீட்டி ஒரு மணியைப் பிடித்துக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயிறு வலப்பக்கம் தெரிகிறதா என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லட்டும்.